தெஃப்ட், பர்க்ளரி, ராபரி: இழப்பீட்டுப் படிவத்தில் எந்தச் சொல்லை எழுதுவது?

வாசுகி_சாட்ஸ்வர்த் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புனித வெள்ளியன்று நாங்கள் குடும்பத்தோடு, இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கமுள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குச் சென்றிருந்தபோது எங்கள் வீட்டில் ஆள் புகுந்துவிட்டார்கள். வரவேற்பறைச் சன்னலின் பர்க்ளர் கார்டை, அதாவது திருடர் தடுப்புக் கம்பியை, கடப்பாரையால் நெம்பி வளைத்து உள்ளே இறங்கி, தொலைக்காட்சியையும் மகளின் மடிக்கணினியையும் பூசையறையிலிருந்த இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகளையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். கராஜ் கதவு அன்று திறந்தே கிடந்ததால் புல்வெட்டும் எந்திரமும் போய்விட்டது. சத்தம் கேட்டு வேலியோரம் வந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம், வெளியேறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கத்தியைக் காட்டி உள்ளே போகச் சொல்லியிருக்கிறான். அவருக்குக் காயம் ஏதும் இல்லை.

இப்போது இன்சூரன்ஸ் படிவம் என் முன்னால் இருக்கிறது. சம்பவத்தின் வகை என்ற இடத்தில் தெஃப்ட், பர்க்ளரி, ராபரி என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன; ஒன்றில்தான் குறியிட வேண்டும். என் கணவர் ராபரி என்கிறார். மகன் தெஃப்ட் என்கிறான். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்த தாளிலோ ஹவுஸ்பிரேக்கிங் என்று இருக்கிறது. அந்தச் சொல் இந்தப் படிவத்தில் எங்குமே இல்லை. இந்த நான்கு சொற்களுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? அகராதியைப் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் ‘திருட்டு, களவு, கொள்ளை’ என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது.

லெனேசியா_மருமகன் எழுதியது:

அக்கா, எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றில் பெரியது ராபரி, அதில் குறியிட்டுவிடுங்கள். கத்தியும் காட்டியிருக்கிறார்களே.

தணிகை_பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

தம்பி, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நான் அட்டர்னி எனப்படும் வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் கோப்புகளைக் கவனித்து ஓய்வு பெற்றவன். இவை பெரியது சிறியது என்று ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது.

தெஃப்ட் என்பது ‘யாருடைய பொருள் போயிற்று’ என்ற கேள்வியைச் சேர்ந்தது. பிறருக்கு உரிய அசையும் பொருளை, அவருக்கு நிரந்தரமாக இல்லாமல் செய்யும் எண்ணத்தோடு, உரிமையில்லாமல் தனதாக்கிக்கொள்வது தெஃப்ட். வீடு, சன்னல், கத்தி எதுவும் அதற்குத் தேவையில்லை. மேசைமேல் வைத்த பேனாவை எடுத்துக்கொண்டு போனாலும் தெஃப்ட்தான்; அலுவலகப் பணத்தைக் கணக்கில் காட்டாமல் விழுங்கினாலும் தெஃப்ட்தான்.

ராபரி என்பது ‘ஆளுக்கு என்ன நேர்ந்தது’ என்ற கேள்வி. வன்முறையாலோ, உடனடியாக வன்முறை நிகழும் என்ற மிரட்டலாலோ பொருளைப் பறித்தால் அது ராபரி. ஆகவே ஆளே இல்லாத வீட்டில் ராபரி நடக்க இயலாது. ஒரு வீட்டையே துடைத்துக்கொண்டு போயிருந்தாலும், பாதிக்கப்பட்டவர் என்று ஒரு மனிதர் அச்சுறுத்தப்படாத வரைக்கும் அது ராபரி ஆகாது. துப்பாக்கி போன்ற ஆபத்தான ஆயுதத்தைக் கையாண்டாலோ, கடுங்காயம் விளைவித்தாலோ, விளைவிப்பதாக மிரட்டினாலோ, 1977 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி அது கடுமை கூடிய ராபரி. 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு முதல் குற்றவாளிக்கே, சிறப்புக் காரணங்கள் இல்லாவிட்டால், 15 ஆண்டுக்குக் குறையாத சிறை. அந்தச் சொல்லை விளையாட்டாக எழுதக்கூடாது என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டாம்.

ஹவுஸ்பிரேக்கிங் என்பது ‘எந்த வழியாக வந்தான்’ என்ற கேள்வி. டச்சுக்காரர் வழியாக நம் நாட்டுக்கு வந்த ரோமன் டச்சுச் சட்டத்தில் அக்குற்றத்தின் முழுப்பெயர், ஒரு குற்றம் புரியும் எண்ணத்தோடு கட்டடத்தை உடைத்து நுழைதல் என்பதாகும். இங்கே உடைத்தல் என்பதன் பொருள் நாம் நினைப்பதைவிட நுட்பமானது. கண்ணாடி நொறுங்க வேண்டியதில்லை, பூட்டுத் தெறிக்க வேண்டியதில்லை. நுழைவைத் தடுக்கும் ஒன்றை அகற்றினாலே போதும். மூடியிருக்கும், ஆனால் தாழிடாத கதவைக் கைப்பிடியைத் திருகித் திறந்தாலும் சட்டத்தின் கண்ணில் உடைத்ததாகும். அதே வேளை, விரியத் திறந்து கிடக்கும் கதவு வழியாக நடந்து வந்தவன் எதையும் உடைக்கவில்லை. நுழைவுக்கும் முழு உடம்பும் உள்ளே வர வேண்டியதில்லை. பொருளை எடுக்கும் எண்ணத்தோடு கையையோ கொக்கி கட்டிய குச்சியையோ சன்னலுக்குள் விட்டாலே நுழைந்ததாகக் கருதப்படும்.

ஆகவே, வாசுகி அம்மா, உங்கள் வீட்டில் நடந்தது ஒரு நிகழ்ச்சியானாலும் சட்டத்துக்கு அது இரண்டு துண்டு. கம்பியை வளைத்து வந்தது ஹவுஸ்பிரேக்கிங். அதனோடு சேர்ந்து தெஃப்ட். நீதிமன்றக் குற்றச்சாட்டுத் தாளில் ‘திருடும் எண்ணத்தோடு வீடுடைத்தலும் திருட்டும்’ என்று இரண்டையும் இணைத்தே எழுதுவார்கள். திறந்து கிடந்த கராஜிலிருந்து எந்திரம் போனது வெறும் தெஃப்ட்.

வாசுகி_சாட்ஸ்வர்த் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் பர்க்ளரி என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லையா? எங்கள் வீட்டுச் சன்னலில் இருப்பது பர்க்ளர் கார்டு, கூரைக்கடியில் இருப்பது பர்க்ளர் அலாரம். ஆனால் குற்றத்தின் பெயர் மட்டும் வேறா? தாத்தாவிடம் கத்தியைக் காட்டியதையும் விளக்கினால் நன்று. என் கணவர் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

தணிகை_பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

சரியாகக் கேட்டீர்கள். பர்க்ளரி என்பது இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த சொல். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் அதற்கு ‘இரவு’ கட்டாயம்: பிறர் குடியிருக்கும் வீட்டை இரவு வேளையில் உடைத்து நுழைந்தால்தான் பர்க்ளரி, பகலில் செய்தால் ஹவுஸ்பிரேக்கிங். 1968 ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் அந்த இரவு பகல் வேறுபாட்டையும் ‘உடைத்தல்’ என்ற நிபந்தனையையும் நீக்கிவிட்டது. இன்று லண்டனில், திருடும் எண்ணத்தோடு அனுமதியின்றிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே பர்க்ளரி. கதவு திறந்திருந்தாலும் அப்படியே. எனவே உங்கள் கராஜில் நடந்தது லண்டனில் பர்க்ளரி, டர்பனில் தெஃப்ட். இதனால்தான் இங்கிலாந்தில் அச்சான அகராதியைப் பார்த்து நம் ஊர்ப் படிவத்தை நிரப்பக்கூடாது என்று சொல்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் காவல் துறை வெளியிடும் குற்றப் புள்ளிவிவரங்களில் குடியிருப்பு பர்க்ளரி என்று ஒரு பிரிவும், குடியிருப்பு ராபரி என்று இன்னொரு பிரிவும் இருக்கின்றன. நீதிமன்றத்தில் ஹவுஸ்பிரேக்கிங் எனப்படுவதைப் புள்ளிவிவரத் தாள் பர்க்ளரி என்கிறது. பேச்சு வழக்கும் அதைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே இந்த இரண்டு சொற்களையும் தென்னாப்பிரிக்காவில் ஒன்றின் இரு பெயர்களாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் படிவத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கத்தி விவகாரம் அவ்வளவு எளிதன்று. பொருளை எடுத்து முடித்த பிறகு காட்டிய மிரட்டல், திருட்டை ராபரியாக மாற்றுமா என்ற கேள்வி நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எடுத்ததும் மிரட்டியதும் காலத்தாலும் இடத்தாலும் ஒரே தொடர் நிகழ்ச்சி எனும் அளவுக்கு நெருங்கியிருந்தால் ராபரி ஆகலாம் என்பதே விடை. இங்கே பொருள் உங்களுடையது, மிரட்டப்பட்டவர் அண்டை வீட்டார், அவர்கள் தப்பிக்க மட்டுமே மிரட்டினார்களா என்பதும் கேள்வி. இதை முடிவு செய்வது அரசு வழக்குரைஞரின் வேலை. நீங்கள் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பெயரிடுவதை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

தங்கை_பீனிக்ஸ் எழுதியது:

ஒரு கிளைக் கேள்வி, மன்னிக்கவும். சென்ற மாதம் டாக்ஸி நிறுத்தத்தில் என் தோழியின் கைப்பையை ஒருவன் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அவன் அடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. இது தெஃப்டா, ராபரியா?

தணிகை_பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

தங்கையே, பை தோளில் தொங்கும்போது அவருக்குத் தெரியாமல் அதற்குள் கையை விட்டு எடுத்திருந்தால் அது பிக்பாக்கெட், அதாவது தெஃப்ட். அவர் பற்றிக்கொள்ள இடம் கொடாமல் வெடுக்கென்று இழுத்துப் பறித்திருந்தால், எதிர்ப்பைத் தடுக்கவே அந்த வேகம் பயன்பட்டது என்று கொண்டு நம் நீதிமன்றங்கள் அதை ராபரி என்று தீர்ப்பளித்திருக்கின்றன. ‘அடிக்கவில்லையே’ என்று நாம் நினைப்போம்; சட்டம் பையின் வாரில் செலுத்திய விசையையே பார்க்கிறது.

மெரிபேங்க்_வாத்தியார் எழுதியது:

வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வாசுகி அம்மாவின் கணவர் ராபரி என்று சொன்னதில் எனக்கு வியப்பில்லை. நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த இடத்தில் தமிழே நம்மை இழுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டு நாளிதழ்களைப் பாருங்கள். ‘பூட்டிய வீட்டில் நகை கொள்ளை’ என்றே தலைப்புப் போடுகிறார்கள். வீட்டில் ஆள் இல்லை, மிரட்டல் இல்லை, ஆனாலும் கொள்ளை. காரணம், இன்றைய செய்தித் தமிழில் கொள்ளை என்பது போன பொருளின் அளவைக் குறிக்கிறது. ஒரு செருப்புப் போனால் திருட்டு, பீரோவே காலியானால் கொள்ளை. ‘வியாபாரி கொள்ளை விலை சொல்கிறான்’, ‘கொள்ளை அழகு’ என்பவற்றிலும் மிகுதி என்ற பொருள்தான் மேலோங்கி நிற்கிறது. அந்தச் சொல்லை அகராதியில் தேடினால் ராபரி என்று வரும். அங்கேதான் சறுக்கல்: தமிழ்க் கொள்ளை அளவைப் பேசுகிறது, ஆங்கில ராபரி வன்முறையைப் பேசுகிறது.

உண்மையில் ஆங்கிலச் சொற்களுக்கு நேராக நிற்கக்கூடிய சொற்கள் நம்மிடம் இருந்தன. வழிப்பறி என்ற சொல்லில் ‘பறி’ இருக்கிறது. ஆளிடமிருந்து பிடுங்குவதை அது சொல்கிறது. பை பிடுங்கியதற்கு அதுவே பொருத்தம். கன்னம் வைத்தல் என்ற பழந்தொடர் சுவரில் துளையிட்டு நுழைவதைச் சொல்கிறது. அதற்குக் கன்னக்கோல் என்று தனிக் கருவியே இருந்தது. கன்னக்களவு என்பது ஹவுஸ்பிரேக்கிங் என்பதற்கு அச்சாகப் பொருந்தும். வந்த வழியைக் கொண்டே குற்றத்துக்குப் பெயரிட்ட சொல் அது. என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரித்தால் மறக்க மாட்டார்கள்.

நேர்மையாகச் சொன்னால் ஆங்கிலேயர்களும் பேச்சில் ‘எங்கள் வீடு ராப் ஆகிவிட்டது’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள். பேச்சில் யாரும் அதைத் திருத்தப் போவதில்லை. படிவத்தில்தான் அது உதைக்கும்.

லெனேசியா_மருமகன் எழுதியது:

வாத்தியார் ஐயா, நன்கு விளங்கியது. மதுரையிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தவன் என்பதால் இந்தியச் சட்டத்தைச் சற்றுப் புரட்டினேன். 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருட்டு 378 ஆம் பிரிவிலும், ராபரி 390 ஆம் பிரிவிலும் இருந்தன. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 391 ஆம் பிரிவின்படி டக்காயிட்டி, அதாவது கூட்டுக்கொள்ளை. வீடுடைத்தலுக்கு 445 ஆம் பிரிவு. அதில் ஆறு வகை நுழைவை அடுக்கியிருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன; இந்தக் குற்றங்களின் பெயர்கள் பெரும்பாலும் மாறவில்லை. டக்காயிட்டி என்று இங்கே சக ஊழியர்களிடம் சொன்னால் அது எந்த ஊர்ச் சொல் என்று கேட்கிறார்கள்.

இதைப் போலவே இன்னொரு சொல் என்னைத் திகைக்க வைத்தது. இங்கே செய்தித்தாளில் சாலை விபத்து ஒன்றில் ஓட்டுநர்மேல் ‘கல்பபிள் ஹோமிசைட்’ வழக்கு என்று போட்டிருந்தது. ஊரில் அது கொலைக்கு அடுத்தபடியான கடுங்குற்றம் ஆயிற்றே, விபத்துக்கு எப்படி?

தணிகை_பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

தம்பி, இது அருமையான எடுத்துக்காட்டு. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299 ஆம் பிரிவில் அந்தச் சொல் குறித்தது, சாவை விளைவிக்கும் எண்ணத்தோடோ, சாவு நேரும் என்ற அறிவோடோ செய்த செயலை. கொலையே அதன் ஒரு கடுமையான வகைதான். கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்கு அங்கே 304 அ என்று தனிப் பிரிவு இருந்தது. தென்னாப்பிரிக்காவிலோ கல்பபிள் ஹோமிசைட் என்றாலே கவனக்குறைவால் சட்டத்துக்குப் புறம்பாக நேர்ந்த சாவு. எண்ணத்தோடு செய்தால் அது மர்டர். கொலையாகாத சாவு விளைவித்தலுக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய நேரான சொல் மான்ஸ்லாட்டர். நம் நீதிமன்றங்களில் அந்தச் சொல் கிடையாது, தொலைக்காட்சித் தொடர்களில் மட்டுமே கேட்கலாம். உங்கள் உறவினர் எவராவது ‘இங்கே ஒருவர்மேல் கல்பபிள் ஹோமிசைட் வழக்கு’ என்று கேள்விப்பட்டால், வழக்கில் சிக்கியவர் எண்ணிக் கொன்றவர் என்று ஊரில் முடிவு கட்டிவிடுவார்கள், முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

கடற்கரை_தோங்காட் எழுதியது:

நான் குறுங்கால இன்சூரன்ஸில், அதாவது வீடு, வாகனம் போன்ற ஆயுள் அல்லாத காப்பீட்டில், கிளைம் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள். தணிகை அண்ணா சொன்ன சட்ட விளக்கம் முழுவதும் சரி. ஆனால் படிவம் சட்டப்புத்தகத்துக்குக் கட்டுப்பட்டதன்று. உங்கள் பாலிசி ஆவணத்துக்குக் கட்டுப்பட்டது. பாலிசியின் முதல் சில பக்கங்களில் சொல் விளக்கம் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே பர்க்ளரிக்கு என்ன எழுதியிருக்கிறதோ, உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் அதுதான் பொருள்.

பெரும்பாலான வீட்டுப்பொருள் பாலிசிகளில், வலிந்து நுழைந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் தடயம் வேண்டும் என்ற நிபந்தனை ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். சட்டத்துக்குத் தாழிடாத கதவைத் திறந்தாலே உடைத்தலாகும் என்று அண்ணா சொன்னார் அல்லவா? இன்சூரன்ஸுக்கு அது போதாமல் போகலாம். நெம்பிய தழும்போ, உடைந்த தாழ்ப்பாளோ, இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அசெசர் வந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். ஆகவே வளைந்த பர்க்ளர் கார்டை அவசரப்பட்டு நிமிர்த்திவிடாதீர்கள். பாதுகாப்புக்காக நிமிர்த்தியே ஆக வேண்டும் என்றால், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நிழற்படம் எடுத்து, கம்பி கழன்ற இடத்துத் திருகாணிகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வெல்டிங் செய்கிறவரிடம் சேதத்தை விவரிக்கும் விலைப்பட்டியல் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கராஜ் எந்திரம் வேறு கதை. துணைக்கட்டடங்களுக்குத் தனி வரம்புத் தொகையும், கதவு பூட்டியிருக்க வேண்டும் என்ற தனி நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. அதை மறைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எல்லாமே சன்னல் வழியாகப் போனதாக எழுதினால், சிறிய எந்திரத்துக்காக முழுக் கோரிக்கையும் நம்பிக்கை இழந்துவிடும். கட்டம் ஒன்றில்தான் குறியிட முடியும் என்றால் பர்க்ளரியில் குறியிட்டு, விவரிப்புப் பகுதியில் கராஜைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

இனி அதே படிவத்தில் உங்களைத் தடுக்கி விழச் செய்யக்கூடிய மற்றச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸஸ் என்றால் மிகுதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே அது ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய பங்கு. அமெரிக்காவிலிருக்கும் உறவினர்கள் இதையே டிடக்டிபிள் என்பார்கள்.

ஆவரேஜ் என்றால் சராசரி என்று நினைத்துப் பலர் அந்தப் பத்தியைக் கடந்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸில் அது மிகவும் பொல்லாத சொல். உங்கள் வீட்டுப் பொருள்களின் மொத்த மதிப்பு 6 லட்சம் ரேண்ட் என்றும், நீங்கள் பிரீமியத்தைக் குறைக்க 3 லட்சத்துக்கு மட்டுமே காப்பீடு செய்திருந்தீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். போன பொருள் 40,000 ரேண்ட் பெறுமானமானால், ‘3 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுதும் வரும்’ என்று நினைப்போம். வராது. பாதிக்குத்தான் காப்பீடு செய்தீர்கள் என்பதால் பாதி இழப்பே, 20,000 மட்டுமே வரும். அதிலிருந்தும் எக்ஸஸ் கழியும். நான் வேலையிலிருந்த காலத்தில் வாடிக்கையாளர்கள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டது ராபரிக்கும் பர்க்ளரிக்கும் அல்ல, இந்த ஒரு சொல்லுக்குத்தான்.

இன்ஷூர், அஷூர், என்ஷூர் மூன்றையும் பிள்ளைகள் தேர்வில் குழப்புவார்கள். என்ஷூர் என்பது ஒன்று நடக்கும்படி பார்த்துக்கொள்வது. அஷூர் என்பது ஒருவருக்கு உறுதி சொல்வது. இன்ஷூர் என்பது காப்பீடு செய்வது. ஆனால் ஆயுள் காப்பீட்டில் மட்டும் அஷூரன்ஸ் என்ற பழைய வழக்கு இங்கும் இங்கிலாந்திலும் நிலைத்துவிட்டது. வீடு எரியலாம், எரியாமலும் போகலாம். சாவு என்றாவது உறுதி என்பதால் அப்படி வந்தது என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் கோரிக்கைக்கு இது தேவையில்லை. மகளின் ஆங்கிலப் பாடத்துக்கு உதவட்டும்.

தங்கை_பீனிக்ஸ் எழுதியது:

அக்கா, கடைவளாக வாகன நிறுத்தத்தில் ரிமோட் சிக்னலைத் தடுத்து, பூட்டாமலே கிடக்கும் காரிலிருந்து பொருளை எடுக்கிறார்களே, அது எந்தச் சொல்?

கடற்கரை_தோங்காட் எழுதியது:

காவல் துறைக்கு அது ‘வாகனத்திலிருந்து திருட்டு’ என்ற தனிப் பிரிவு. கார் கட்டடம் அல்ல என்பதால் ஹவுஸ்பிரேக்கிங் இல்லை. இன்சூரன்ஸுக்கு அங்கேயும் வலிந்து நுழைந்த தடயம்தான் சிக்கல். ரிமோட் தடுப்பில் தடயமே இருக்காது. சில நிறுவனங்கள் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஏற்கின்றன, சில பாலிசிகள் இதைத் தனியாகச் சேர்த்துக்கொள்கின்றன. ரிமோட்டை அழுத்தியபின் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு நகர்வதே மலிவான காப்பீடு.

வாசுகி_சாட்ஸ்வர்த் எழுதியது:

தோங்காட் அக்காவுக்குக் கோடி நன்றி. பாலிசியை எடுத்துப் பார்த்தேன். பர்க்ளரி என்ற சொல்லே விளக்கப் பகுதியில் இல்லை, ‘வலிந்து நுழைந்து செய்த தெஃப்ட்’ என்றுதான் இருக்கிறது!

இன்னும் இரண்டு ஐயங்கள். காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதியபோது அதிகாரி ‘ஸ்வேரா, அஃபர்மா’ என்று கேட்டார். என் கணவர் எதையோ சொல்லிவிட்டார். அதனால் ஏதும் வேறுபாடு வருமா? அடுத்து, நிறுவனம் மறுத்தால் அட்வகேட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர்.

தணிகை_பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

முதல் ஐயத்துக்கு விடை: வேறுபாடு வராது. ஸ்வேர் என்பது கடவுளைச் சாட்சி வைத்துச் சத்தியம் செய்வது. அஃபர்ம் என்பது கடவுளைக் குறிப்பிடாமல், சொன்னது உண்மை என்று உறுதி கூறுவது. சத்தியம் செய்ய மனம் ஒப்பாதவர்களுக்கு இரண்டாவது வழியைச் சட்டம் தருகிறது. பொய் என்று தெரிந்தால் இரண்டுக்கும் தண்டனை உண்டு. நம்மவர்களில் சிலர் அஃபர்ம் என்றால் மதிப்புக் குறைவு என்று தயங்குகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அதிகாரி அந்தத் தாளில் கையெழுத்திட்டு, முத்திரையும் நாளும் இட்டிருக்கிறாரா, வழக்கு எண் இருக்கிறதா என்பதையே பாருங்கள்.

இரண்டாவதற்கு: அவசரப்பட்டு அட்வகேட்டைத் தேடாதீர்கள். இந்தியாவில் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வழக்காடுகிற அனைவரும் அட்வகேட்தான். இங்கே அட்டர்னியும் அட்வகேட்டும் இரு வேறு தொழில். லாயர் என்பது இருவருக்கும் பொதுவான பேச்சுச் சொல். பொதுமக்கள் நேரே போவது அட்டர்னியிடம். கடிதம் எழுதுவது, ஆவணம் சேர்ப்பது, கட்சிக்காரரின் பணத்தைக் கணக்கில் வைத்திருப்பது அவர் வேலை. உயர் நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய வழக்குக்கு அவர் அட்வகேட்டை அமர்த்துவார். 2014 ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டத்துக்குப் பின், உரிய சான்றிதழும் தனிக் கணக்கும் வைத்திருக்கும் அட்வகேட்டுகள் மக்களிடமிருந்து நேரடியாகவும் வழக்கு ஏற்கலாம். ஆனால் அது இன்னும் பரவலான வழக்கமன்று. காந்தியே இரண்டு பெயரிலும் இங்கே தொழில் செய்தவர்: நேட்டாலில் 1894 இல் அட்வகேட்டாகப் பதிந்தார், 1903 இல் ஜோகன்னஸ்பர்க்கில் அட்டர்னியாகப் பதிந்து அலுவலகம் வைத்தார்.

கடற்கரை_தோங்காட் எழுதியது:

அட்டர்னிக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 90 நாள், முடிவை எதிர்த்து அந்த நிறுவனத்திடமே எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அதன்பின் நிதி நிறுவனங்கள்மேலான புகார்களை விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

கடிதத்தில் ரிப்யூடியேட், ரிஜெக்ட் என்ற சொற்களில் எது இருந்தாலும் மறுப்பு என்றே கொள்ளுங்கள். ‘பெண்டிங்’ என்று இருந்தால் மறுப்பல்ல. ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று பொருள். அந்தச் சொல்லைப் பார்த்தே மனம் உடைந்து கோரிக்கையைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

வாசுகி_சாட்ஸ்வர்த் எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து விவரிப்பை இப்படி எழுதியிருக்கிறேன். இதை மகள் ஆங்கிலத்தில் எழுதுவாள். குறையிருந்தால் சொல்லுங்கள்.

“புனித வெள்ளியன்று காலை வீட்டைப் பூட்டி, அலாரத்தை இயக்கிவிட்டு வெளியே சென்றோம். மாலை திரும்பியபோது வரவேற்பறைச் சன்னலின் இரும்புக் கம்பிகள் வளைக்கப்பட்டும், சன்னல் திறக்கப்பட்டும் இருந்தன. வீட்டுக்குள்ளிருந்து பட்டியலில் 1 முதல் 4 வரை உள்ள பொருள்கள் எடுத்துச் செல்லப்பட்டிருந்தன. வீட்டிலிருந்து தனித்து நிற்கும் கராஜின் கதவு அப்போது திறந்திருந்தது. அங்கிருந்து பட்டியலில் 5 ஆவதாக உள்ள எந்திரம் எடுத்துச் செல்லப்பட்டிருந்தது. வெளியேறிய ஒருவர் தமக்குக் கத்தியைக் காட்டியதாக அண்டை வீட்டார் எங்களிடம் தெரிவித்தார். அப்போது நாங்கள் வீட்டில் இல்லை. காவல் துறை வழக்கு எண் இணைக்கப்பட்டுள்ளது.”

தணிகை_பீட்டர்மாரிட்ஸ்பர்க் எழுதியது:

மிக நன்று. குற்றத்தின் பெயரே இல்லாமல் குற்றம் முழுவதும் இருக்கிறது. ‘எங்களிடம் தெரிவித்தார்’ என்று எழுதியது கூடுதல் சிறப்பு. நீங்கள் பார்த்ததும் கேட்டதும் தனித்தனியாக நிற்கின்றன.

கடற்கரை_தோங்காட் எழுதியது:

இரண்டு இடம் மட்டும். அலாரம் இயக்கத்தில் இருந்தது என்றால், அதைக் கண்காணிக்கும் தனியார் காவல் நிறுவனத்திடம் அன்றைய சிக்னல் பதிவைக் கேட்டு வாங்கி இணையுங்கள். அசெசர் முதலில் கேட்பது அதைத்தான். பொருள் பட்டியலில் ‘வேல்யூ’ என்ற தலைப்பின்கீழ் நீங்கள் வாங்கிய விலையை எழுதாதீர்கள். உங்கள் பாலிசி மாற்று மதிப்புக்கு ஈடு தருவதாக இருந்தால், அதே தரத்தில் புதிதாக இன்று வாங்க என்ன ஆகுமோ அந்தத் தொகையை எழுதி, கடையின் விலைப்பட்டியலை இணைக்க வேண்டும். தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் அது எளிது, தொடர் எண் அட்டைப்பெட்டியில் இருக்கும். குத்துவிளக்குக்கு ரசீது இல்லையென்றால், விளக்கு தெரியும்படி வீட்டில் எடுத்த பழைய பொங்கல் படமோ திருமணப் படமோ கட்டாயம் இருக்கும். அதை இணைத்து, உயரத்தையும் ஏறத்தாழ எடையையும் எழுதி, டர்பன் கிரே ஸ்ட்ரீட் பக்கம் பூசைப்பொருள் கடை ஒன்றில் அதே அளவு விளக்குக்கு விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.